சுவக்கீனின் கோட்டு

சாவை விசாரிக்கப் போன இடத்தில் தோட்டத்து ஆபீஸ் ரைட்டர் இன்னாசிராஜ் செய்த முதல் காரியம் சாட்சியை உடைத்தது.

மூன்று மணி நேரம் மலையேறி வந்தவனுக்குக் கதவைத் திறந்ததும் ஓர் ஆணி கண்ணில் பட்டது. குடையை மாட்டினான். அந்த ஆணியில் ஏற்கெனவே தெர்மாமீட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. சுவக்கீன் செத்த ராத்திரி குளிர் எந்தக் கோடுவரை இறங்கியது என்பதைப் பிடித்து வைத்திருந்த ஒரே பொருள் அதுதான். கீழே விழுந்து நொறுங்கியது.

‘விசாரிக்க வந்தவர் அரை நிமிஷத்தில் தடயத்தை அழித்தார்’ என்று ரிப்போர்ட்டுக்கான வாசகம்கூட அவன் மனதில் ஓடிவிட்டது. பாதரசம் கட்டிலுக்கடியில் உருண்டு போவதற்குள் பொறுக்கலாமென்று குனிந்தான்.

அது உருளவில்லை. கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வெள்ளிக் கம்பித் துண்டு மாதிரி கிடந்தது. குடை நுனியால் தட்டினான். டக் என்றது.

ஆபீஸ் அலமாரியில் இருந்த கருவிப் புத்தகத்தில் அவன் படித்ததுண்டு. கப்பலே உறைந்து நின்றுபோகும் வடதுருவத்தில் பாதரசமும் ஈயம்போல இறுகிவிடுமாம். ஆனால் இது கம்பம்மெட்டுக்கு மேலே உள்ள மலை. தை மாதம், பகல் ஒரு மணி. வாசலில் வெயில். அவன் முதுகில் வியர்வை இன்னும் காயவில்லை.

தோட்டத்து ஜனங்கள் இந்தக் குடிசையைக் கண்ணாடிப்புரை என்பார்கள். மழையளக்கும் குப்பியும் குளிரளக்கும் குழாயும் இங்கேதான் இருந்தன. உறைபனி விழும் ராத்திரிகளில் காவலாள் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை மூன்று முறை அடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் கீழே ஆட்கள் எழுந்து போய்த் தேயிலை நாற்றுகளைப் பெரணித் தழையால் மூடுவார்கள். காவலுக்கு யாரை அனுப்பலாம் என்று மானேஜர் கேட்டபோது, “சுவக்கீனை அனுப்புங்க சார், மார்கழியிலயும் அவனுக்கு வேர்க்கும்” என்று சொன்னவன் இதே இன்னாசிராஜ்தான். ஆபீஸே சிரித்தது. ஆர்டரும் அன்றைக்கே போட்டாகிவிட்டது.

மூன்று நாளைக்கு முன்பு சுவக்கீன் வாசல் புல்லில், உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் உட்கார்ந்தபடி செத்துக் கிடந்தான். தானே குளிரில் போய் உட்கார்ந்து உயிரை விட்டான் என்று மானேஜர் முடிவு கட்டிவிட்டார். தற்கொலையென்றால் மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. பூசைக்கு வந்திருந்த சாமியார் மறுநாள் காலை வேறு தோட்டத்துக்குப் புறப்படுகிறார். சாயங்காலத்துக்குள் ரைட்டரின் ரிப்போர்ட் அவர் கைக்கு வராவிட்டால் சுவக்கீனுக்குக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் குழி.

ஏன் அவிழ்த்தான் என்று இன்னாசிராஜ் காலையிலிருந்து கேட்காத ஆளில்லை. மருந்து கொடுக்கிறவர் பலவீனம் என்றார். உபதேசியார் ஆண்டவர் சித்தம் என்றார். பிணத்தைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். சுவக்கீனின் பெண்டாட்டி கத்தரீனாள் மட்டும் அழாமல் இரண்டு விஷயம் கேட்டாள்.

“கல்யாணக் கோட்டு மேலதான் இருக்கு, அண்ணே. அதப் போட்டுத்தான் அவுகளப் பெட்டியில வைக்கணும். அப்புறம், ஏன்னு கேட்டுட்டு வாங்க.”

இரண்டையும் கொண்டுவருவதாக அவன் வாக்குக் கொடுத்துவிட்டான். அவன் வாயைப் பற்றித்தான் தெரியுமே.

வாசலில் ராமுத்தாய் நின்றாள். வாரம் ஒருமுறை அரிசி சுமந்து வருகிறவள். பிணத்தை முதலில் பார்த்தவளும் அவள்தான். உள்ளே வரமாட்டேன் என்று வழியிலேயே சொல்லிவிட்டாள். அடுப்பருகே கழுவிக் கவிழ்த்திருந்த இரண்டு தட்டுகளை இன்னாசிராஜ் பார்த்தான்.

“யக்கா, இங்க இன்னொருத்தர் யாரு இருந்தது?”

“நான் அரிசி செமக்குறவ, ரைட்டரய்யா. ரெண்டாளு அரிசி கேட்டாரு, ரெண்டு மாசமா கொண்டாந்தேன். திங்குறது யாருன்னு அரிசிகிட்டயா கேக்க முடியும்?”

மஞ்சு மூட்டம் ஏறியது. முதலில் வாசல் புல் மறைந்தது, பிறகு தண்டவாளத் துண்டு, பிறகு ராமுத்தாயின் கால்கள். கூரைத் தகரம் நெட்டி முறிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொடுக்கியது. அணைந்த சாம்பல் வாடைக்கு அடியில், சின்ன வயதில் காசை நாக்கில் வைத்தால் வருமே, அந்த இரும்பு ருசி அவன் தொண்டையில் இறங்கியது. அப்போதுதான் அடுப்பைப் பார்த்தபடி, தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முக்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டான்.

கோட்டு. சுவக்கீனின் கோட்டு.

சுற்றிக்கொண்டு முன்னால் போனான். உள்ளே ஆள் இல்லை. உள்ளே சட்டை இருந்தது. கழுத்தில் மப்ளர் முடிச்சிட்டிருந்தது. மடிமேல் கம்பளி. கம்பளிக்குக் கீழே பூட்ஸ், கயிறு கட்டியபடி. துணியெல்லாம் உறைபனியில் விறைத்து, தோளும் முழங்கையும் முழங்காலும் இருக்கிறபடிக்கு எழும்பி நின்றன. கோட்டின் பொத்தான்கள் மேலிருந்து கீழ்வரை போட்டிருந்தன. நான்கு பித்தளை. மூன்றாவது மட்டும் வெள்ளை. சுவக்கீனின் கல்யாணத்தன்று கோட்டைத் தான் போட்டுப் பார்த்து, பொத்தானைத் தெறிக்க வைத்து, தன் பழைய சட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துத் தைத்துக் கொடுத்தவன் இன்னாசிராஜ்.

ஓடத்தான் தோன்றியது. முழங்காலும் சம்மதித்தது. ஆனால் கீழே சாக்கில் கிடக்கும் சிநேகிதனின் முகம் வந்தது. கூடவே பொல்லாத கோபம் ஒன்றும் வந்தது.

கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினான். மசி கட்டியாகிக்கொண்டே வந்தது. ஊதி ஊதி எழுதினான். சுவக்கீன் செத்த அன்று விடியுமுன் தண்டவாள மணி மூன்று முறை அடித்தது கீழே கேட்டது. சாகத் துணிந்தவன் நாற்றுக்காக எழுந்து மணியடிக்கமாட்டான். துணியை அவன் வெறிபிடித்து வீசவில்லை. இன்னொருவருக்குப் போட்டுவிட்டு, பொத்தானையும் மாட்டியிருக்கிறான். இல்லாதவருக்குக் கொடுத்து இறந்தான். மந்திரித்த மண்ணுக்கு இவனைவிடத் தகுதியானவன் இந்தத் தோட்டத்தில் இல்லை, மானேஜர் உட்பட. கையெழுத்துப் போட்டான். கடைசி வரியை அடிக்கலாமா என்று யோசித்தான். அடிக்கவில்லை.

பிறகு கோட்டின் முன்னால் குந்தினான்.

“இது உன் அளவுக்கா தச்சது?” என்றான். குரல் அவனுக்கே தவளைக் குரலாகக் கேட்டது. “கத்தரீனா கேக்குறா. கழட்டு.”

முதல் பொத்தான். பித்தளை விரலைக் கவ்வியது. பிய்த்தான். தோல் அதிலேயே தங்கியது. இரண்டாவது. இன்னும் கொஞ்சம் தோல். மூன்றாவது, வெள்ளை, அவனுடைய பொத்தான், ஒன்றும் செய்யாமல் வழுக்கி வந்தது. நான்கு. ஐந்து. கோட்டின் கையை உருவும்போது அந்தப் பக்கமும் யாரோ இழுத்தார்கள். மெதுவாக. விட மனசில்லாத இழுப்பு.

“மாட்டேன்” என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். வந்துவிட்டது.

ரிப்போர்ட்டைக் கோட்டுப் பையில் திணித்து வாசலுக்கு வீசினான். மஞ்சுக்குள்ளிருந்து இரண்டு கைகள் பிடித்துக்கொண்டன.

“சாமியார் கையிலேயே குடு, யக்கா. மானேஜர் கேட்டா, ரைட்டருக்குக் கிறுக்குன்னு சொல்லு.”

“அத நான் சொல்லியா தெரியணும்? நீங்களும் வாங்க.” ராமுத்தாயின் கைகள் கோட்டைச் சுருட்டிக்கொண்டன. “உள்ள திரும்பிப் பாக்காம வாங்கய்யா.”

அவள் காலடி இறக்கத்தில் ஓடித் தேய்ந்தது. கோட்டு போய்விட்டது. சுவக்கீனுக்கு இடம் கிடைத்துவிடும். பாதி வாக்கு நிறைவேறியாயிற்று.

மீதிப் பாதி முதுகுக்குப் பின்னால் இருந்தது.

போயிருக்கலாம். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆனால் கத்தரீனாளின் முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது.

திரும்பினான்.

முக்காலி காலி.

சட்டை நின்றுகொண்டிருந்தது. கயிறு கட்டிய பூட்ஸுக்கு மேலே. நடுவில் ஒன்றுமில்லை. வாசல் வெளிச்சம் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போனது. மப்ளர் முடிச்சு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது, மூச்சு வாங்குவது போல.

“அவன எதுக்குடா இப்பிடிப் பண்ணுன?” இன்னாசிராஜ் கத்தினான். “சோறு போட்டானே. கம்பளி குடுத்தானே. சட்டையும் குடுத்தானே. இன்னும் என்ன? நேராச் சொல்லு.”

தகரம் சொடுக்கவில்லை. காற்றில்லை. சட்டையின் வலது கை எழுந்தது. மிரட்டவில்லை. கெஞ்சுகிறவர்கள் நீட்டுவார்களே, அப்படி நீண்டது. கைமுனையில் விரல்கள் இல்லை.

அவன் குனிந்து பார்த்தான். தன் சட்டையின் மேல் பொத்தான் கழன்றிருந்தது. இரண்டாவதைக் கழற்றிக்கொண்டிருந்தவை அவனுடைய விரல்களேதான். நிறுத்தச் சொன்னான். நிற்கவில்லை.

அன்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல ஒருவர் கிடைத்தார்.

“குளிருது.”