ஞானதீபம் டீச்சரின் ஆங்கிலம்

பெரு நாட்டின் அரெக்கிபா நகரத்தில் ரொசாவுரா என்ற நர்ஸ் தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டபோது காலை ஒன்பது மணி. அப்போது அவளுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். பத்து மணிக்குத் தொப்பியைக் கழற்றிவிட்டு, நூறு கேள்விகள் கொண்ட ஆங்கில இலக்கணத் தாளை நீட்டினார்கள். நாற்பது நிமிடத்தில் முடித்தாள். நூற்றுக்கு நூறு. இரண்டு மொழியிலும் ஒரே முகத்தோடு நின்று, வேறு வேறு அர்த்தம் சொல்லி ஏமாற்றும் சொற்களில்கூட அவள் இடறவில்லை.

தொப்பியின் பெயர் மொழிப்பதியம். செய்தது கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று. ரோஜாச் செடியைப் பதியம் போடுவதுபோல, ஒருவர் மூளையில் இருக்கும் ஆங்கிலத்தை அது இன்னொருவர் மூளையில் ஊன்றிவிடும். கொடுப்பவருக்குத் 'தாய்ச்செடி' என்று பெயர். முதலில் ஆங்கிலேயர்களைத்தான் உட்காரவைத்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. அவர்கள் இலக்கணம் படிக்காமலே பேச வந்தவர்கள். அவர்கள் மண்டைக்குள் மொழி, அம்மாவின் முகத்தோடும் பால் பாட்டிலோடும் கலந்து கிடந்தது. விதி விதியாகக் கஷ்டப்பட்டுக் கற்ற மூளையில்தான் அதைத் தனியாகப் பிரிக்க முடிந்தது. அதிலும் தமிழர் மூளை ஸ்பானிஷ்காரர்களுக்கு நன்றாக ஒத்துப்போனது. 'நான்', 'நீ' என்று சொல்லாமல் வினைச்சொல்லிலேயே ஆளைக் காட்டிவிடும் வழக்கம் இரண்டு பேருக்கும் உண்டு. ஆங்கிலத்தில் தடுக்கி விழும் இடங்களும் பல ஒன்றுதான்.

சரி, தாய்ச்செடியை எப்படித் தேர்ந்தெடுப்பது? தமிழ்நாட்டுக் கம்பெனி வேறென்ன செய்யும், பரீட்சை வைத்தது. மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு. பன்னிரண்டாயிரம் பேர் எழுதியதில் பாளையங்கோட்டை ஞானதீபம் டீச்சர் முதல் மதிப்பெண். பேப்பரில் படம் வந்தது. அவரைக் கொஞ்சம் ஆங்கிலம் பேசச் சொல்லிக் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முதல் மதிப்பெண் வாங்கியவரைச் சந்தேகப்படுவது நம் ஊரில் மரியாதைக் குறைவு.

எட்டு மாதத்தில் நாற்பதாயிரம் பேர் பதியம் போட்டுக்கொண்டார்கள். கம்பெனி ஊழியர்களுக்கும் இலவசமாகப் போட்டுவிட்டார்கள். பிறகுதான் மயிலானந்தன் என்ற பொறியாளர் ஞானதீபம் டீச்சரைக் கோயம்புத்தூருக்கு வரச் சொன்னான்.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. வகுப்புல நீங்க இங்கிலீஷ் பேசுவீங்களா?"

"எதுக்கு? இங்கிலீஷ் பாடத்தத் தமிழ்லதான் நடத்துவேன். போர்டுல எழுதிப் போட்டா பிள்ளைங்க பாத்து எழுதிக்கிடும். முப்பத்தோரு வருசமா ஒருத்தன்கூட பெயிலாகல."

"வெளிய யாராச்சும் இங்கிலீஷ்ல கேட்டா?"

டீச்சர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். "நான் படிச்ச பள்ளிக்கூடத்துல தமிழ் பேசுனா கழுத்துல அட்டையத் தொங்க விடுவாங்க. இங்கிலீஷத் தப்பாப் பேசுனா கிளாஸே சிரிக்கும். வாயவே தொறக்கலன்னா ரெண்டும் இல்லல்லா? அப்படியே பழகிட்டுது."

"அது பதியத்துல போயிருச்சுங்க டீச்சர். இலக்கணத்தோட வேர்லயே அந்தப் பயமும் இருக்குதுங்க. அத வெட்டுனா இலக்கணமும் சேந்து வந்துருது. நாப்பதாயிரம் பேரும் நல்லா எழுதறாங்க, நல்லாப் புரிஞ்சுக்கறாங்க. ஆனா இங்கிலீஷ்ல பேசணும்னா வாய் தொறக்க மாட்டேங்குது."

அவன் ஒரு கடிதத்தை நீட்டினான். ரொசாவுரா எழுதியது. எழுத்துத் தேர்வை மட்டும் பார்த்து அவளை ஒரு குளிர்நாட்டு ஆஸ்பத்திரியில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். 'மருத்துவர் பத்து மடங்கு மருந்தை ஊசியில் ஏற்றினார். எனக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டிய வாக்கியமும் தயாராக இருந்தது. சரிதானா என்று ஒருமுறை மனதுக்குள் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். அதற்குள் ஊசி போட்டுவிட்டார். அந்த முதியவர் பிழைத்தது அதிர்ஷ்டம். அடுத்தவர் பிழைக்காவிட்டால் நான் எப்படித் தூங்குவேன்? தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள்.'

ஒரு பிழைகூட இல்லை. அது டீச்சரின் ஆங்கிலம்தான். படித்து முடித்தபோது அவருக்கு அழுகை வந்தது. தன்னோடு போய்விடும் என்று நினைத்திருந்த ஒன்றை நாற்பதாயிரம் பேர் தலையில் ஏற்றிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"இத மாத்த முடியாதாப்பா?"

"முடியுங்க. மாமல்லபுரத்துல முனிரத்தினம்னு ஒரு கைடு. அதே பரீட்சையில நாப்பத்தொண்ணு மார்க்குதான். ஆனா வெள்ளைக்காரங்ககிட்டப் பேச ஆரம்பிச்சா நிறுத்தறதுதான் கஷ்டம். அவரோட பதியத்த அஞ்சு பேருக்கு, உங்களுத எடுக்காம அதுக்கு மேலயே போட்டுப் பாத்தோம். வரிக்கு ஒரு தப்பு. ஆனா பேசறாங்க டீச்சர், சண்டைகூடப் போடறாங்க. எல்லாத்துக்கும் மாத்தறதுக்குக் கூட்டத்துல ஒத்துக்கணும். தாய்ச்செடியே வந்து சொன்னா கேப்பாங்க."

"நான் சொல்லுதேன்" என்றார் டீச்சர். தமிழில் சொன்னதால் அது எளிதாக வந்தது.

வியாழக்கிழமை கூட்டம். கம்பெனித் தலைவர், பதினோரு ஊழியர்கள், டீச்சர். ஆங்கிலம் விற்கிற இடத்தில் மொழிபெயர்ப்புக் கருவி இருந்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று தலைவர் அதை எடுத்துவிட்டிருந்தார். அங்கே ஆங்கிலம் மட்டும்தான். லண்டனில் படித்தவர் என்பதால் அவர் பதியம் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் உற்சாகமாக இருந்தார். வெளிநாட்டு முதலாளிகளிடமிருந்து புதிதாக இரண்டு லட்சம் பேருக்கு ஆர்டர் வந்திருந்தது. இந்தத் தொப்பி போட்ட வேலையாட்கள்தான் வேண்டுமாம். சொன்னதைப் புரிந்துகொள்கிறார்கள், அறிக்கையைப் பிழையில்லாமல் எழுதுகிறார்கள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. இதைவிட நல்ல வேலையாள் எங்கே கிடைப்பான் என்று கேட்டிருந்தார்கள். ஆகவே இப்போதிருக்கும் பதியத்தையே தொடர்வதாகத் தீர்மானம்.

"யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

டீச்சர் எழுந்து நின்றார். வாக்கியம் தயாராக இருந்தது. எழுவாய் சரி, காலம் சரி. ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். இன்னொரு முறை. தலைவர் புன்னகையோடு காத்திருந்தார். டீச்சர் மூன்றாவது முறையும் ஓட்டிப் பார்த்தார். பக்கத்தில் மயிலானந்தன் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலையிலும் இருந்தது டீச்சரின் ஆங்கிலம்தான். மற்ற பத்து பேரும் குனிந்திருந்தார்கள்.

டீச்சர் உட்கார்ந்து, பேனாவை எடுத்து எழுதினார். அறையில் இன்னும் பதினோரு பேனாக்கள் ஓடும் சத்தம் கேட்டது.

பன்னிரண்டு சீட்டுகள் தலைவர் முன்னால் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினார். பன்னிரண்டிலும் ஒரே ஆங்கில வாக்கியம், ஒரு காற்புள்ளிகூட மாறாமல்: 'வாங்குபவரின் குரலை நம் தொப்பி பறித்துக்கொள்வதால், ஒருவர் சாவதற்கு முன் இதை நிறுத்துங்கள்.'

தலைவருக்கு மெய்சிலிர்த்தது. பன்னிரண்டு மூளையிலிருந்து ஒரே மாதிரி, ஒரு பிழையில்லாமல்! பொருளின் தரத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வாயைத் திறந்து யாரும் எதிர்க்காததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். சீட்டுகளைப் படம் பிடித்து அடுத்த விளம்பரத்தில் போடச் சொன்னார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.