சில்லு வைத்த படிக்கம்

இன்பாஸ் வீட்டுக்குப் போன பிறகும் படிக்கம் நகர்ந்தது.

இடுப்புயரத் தகரப் படிக்கம் அது. நடுவில் ஒடுங்கி, வாயில் விரிந்து, அடியில் உருள்வதற்கு மூன்று சில்லுகள். தேநீரைச் சுவைப்பவர் நீண்ட மேசையோரமாக ஒவ்வொரு கோப்பையிலிருந்தும் ஒரு கரண்டி உறிஞ்சியபடி நடப்பார். உதவியாள் இன்பாஸ் அதைப் பின்னாலேயே தள்ளிவருவார். சுவைப்பவர் குனியாமல், தேடாமல் துப்புவார். துப்புவதற்கென்று ஆள் வைத்துக்கொண்ட உத்தியோகம் உலகில் வேறு உண்டா தெரியவில்லை. இன்று சுவைப்பவள் றொஷேல். அதை முதல் கோப்பையருகே விட்டுவிட்டு மூன்றாவதற்கு வந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கிறீச். திரும்பினால், முழங்கையோரம் நின்றது.

“தரை சாய்வு,” என்று சொல்லிக்கொண்டாள். பதுளையில் சாய்வில்லாத தரை எங்கே இருக்கிறது?

கம்பனியின் மேல்மாடி அறை அது. வெளியே வறண்ட கச்சான் காற்று கூரைத் தகரத்தைத் தட்டித் தட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. மலைக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்துகொண்டிருக்க, ஊவாப் பருவத் தேயிலையின் மெந்தோல் தைல மணமும், ஊறிப்போன மரத்தின் புளித்த வாடையும், அதற்கும் அடியில் பல் துலக்காத யாரோ நெருங்கி மூச்சு விட்டதைப்போன்ற வெதுவெதுப்பும் அறையில் தேங்கியிருந்தன.

பிரதம சுவைஞரான பெரிய ஐயா இறந்து சில மாதங்கள். அந்த நாற்காலிக்கு றொஷேல் தற்காலிகம். “சுவை என்பது பரம்பரை ஞானம்,” என்று மேனேஜர் ஞானசீலன் கூட்டத்தில் முழங்கினார், தன் தேநீரில் மூன்றாவது கரண்டி சீனியைப் போட்டபடி. மேசையிலிருக்கும் எல்லாக் கோப்பைகளுக்கும் இன்றைக்குள் அவள் தரம் சொல்லி முடித்தால் பதவி அவளுக்கு. முடிக்காவிட்டால் திங்கட்கிழமை அவருடைய மைத்துனர் மகன் வருகிறான். அவளுக்கு முன்பு தற்காலிகமாக இருந்த இரண்டு பெண்களும் பாதியில் எழுந்து ஓடியவர்கள். காரணம் கேட்டால் அலுவலகத்தில் “கல்யாணம்” என்பார்கள். அந்தக் கல்யாணங்களில் சாப்பிட்டவர் எவருமில்லை.

இன்பாஸ் போகும்போது வாசலிலேயே தயங்கி நின்றிருந்தார்.

“மிஸ், வெளிச்சம் இருக்கிறப்பவே எறங்கிருங்க.”

“ஏன், இருட்டினா தேத்தண்ணி கசக்குமா?”

“பெரிய ஐயா உசிரோட இருந்தப்பவே எனக்கு ஓடர். பொம்பள ஆள் துப்புனா தள்ளிக்கொடுக்கக் கூடாதுன்னு. இப்ப நா தள்ளாமலே அது...”

“அது?”

“ஒண்ணுமில்ல மிஸ். ஹாலிஎல பஸ் போயிரும்.”

அவள் கரண்டியை அமிழ்த்தி, உறிஞ்சி, நாக்கில் சுழற்றினாள். நல்ல தேயிலை, காற்றில் காய்ந்த கொழுந்தின் கூர்மை. தரத்தைக் கைப்பேசியில் சொல்லிப் பதிந்தாள். துப்பினாள். தகரத்தில் பட்டுச் சிதறும் ஓசை வரவில்லை.

மடக்.

யாரோ விழுங்கினார்கள்.

கையிலிருந்த கைப்பேசி அடித்தது. கொழும்பிலிருந்து ரஜீவன், அடுத்த மாதம் அவளுக்கு மோதிரம் போடப்போகிறவன்.

“சாப்பிட்டியா?”

“தேத்தண்ணி குடிச்சிட்டிருக்கேன்.”

“துப்பிட்டிருக்கேன்னு சொல்லு. மருமக என்ன வேல பாக்குதுன்னு அம்மா கேக்குறாங்க. நா என்னன்னு சொல்ல?”

“நல்லா துப்புறான்னு சொல்லுங்க.”

“வெளையாடாதம்மா. இந்த வேலைய விட்டுட்டு இங்க வந்துரு. என் பேங்க்லயே சொல்லி...” அவன் நிறுத்தினான். “பக்கத்துல யாரு?”

“ஒருத்தருமில்ல.”

“உதட்ட சப்புற சத்தம் கேக்குதே. ஆம்பள சத்தம்.”

றொஷேல் கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போறேன் றொஷேல்.”

“வராதீங்க. நா முடிச்சிட்டுப் பேசுறேன்.”

வைத்தாள். மஞ்சள் பல்பின் கீழே கோப்பைகள் வரிசையாக ஆவி விட்டன. கதவு திறந்துதான் இருந்தது. படிக்கட்டு, தெரு, பஸ் ஹோர்ன், மனிதர்கள். இறங்கினால் முடிந்தது. நாளைக்கு ஞானசீலன் வருத்தத்தோடு தலையாட்டுவார். அவளுக்கும் ஒரு கல்யாணம் கட்டிவிடுவார்கள்.

அடுத்த கோப்பை. உறிஞ்சினாள். துப்ப வாய் வரவில்லை.

சுவைப்பவர் விழுங்கக் கூடாது. விழுங்க விழுங்க நாக்கு மழுங்கிவிடும். பழகுகிற காலத்திலேயே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது. றொஷேல் விழுங்கினாள்.

அமைதி. காற்றும் நின்றது.

பிறகு முழங்காலில் படிக்கத்தின் ஓர் இடி.

மெதுவாகத்தான். இன்னொன்று, கொஞ்சம் பலமாக. பால் கேட்டு மடியை முட்டும் கன்றைப்போல. உள்ளேயிருந்து ஒரு செருமல். காத்திருந்து பழக்கமில்லாத பெரிய மனிதரின் செருமல்.

குனிந்து பார்த்தாள்.

இதுவரை துப்பியதில் ஒரு துளி இல்லை. உலர்ந்த தகரம். அதன் ஆழத்தில் வாய்கள். முகமில்லை. கண்ணில்லை. வாய்கள் மட்டும். பெரிய ஐயாவின் கறையேறிய வெள்ளை மீசை. ஒரு தங்கப்பல். பொய்ப்பல் கழன்ற ஈறு. ஒன்றையொன்று நெருக்கி, கூட்டுக்குள் குஞ்சுகளைப்போல மேல்நோக்கித் திறந்திருந்தன. பரம்பரை ஞானம் முழுவதும். பசியோடு.

கால் கதவைப் பார்த்துத் திரும்பியது. அவள் திரும்பவில்லை.

“சரி,” என்றாள். மறுபடியும் சொன்னாள். “சரி. அடிச்சுக்காதீங்க. எல்லாருக்கும் வரும்.”

கரண்டி நிறைய அள்ளினாள். ஆண்கள் உறிஞ்சுவதைப்போல, பதுளை பஸ் ஸ்டாண்ட் வரை கேட்கட்டுமென்று உறிஞ்சினாள். தரம் சொன்னாள். துப்பினாள்.

மடக். மடக். மடக்.

அடுத்தது. துப்பினாள்.

அடுத்தது.

ஒவ்வொரு தடவையும் அவை மேலே ஏறின. ஒடுங்கிய கழுத்தில் பிதுங்கின. மூச்சு சூடாக மணிக்கட்டில் பட்டது. கோப்பைகள் இன்னும் இருந்தன. அவள் கரண்டியை அமிழ்த்தினாள்.

படிக்கத்தின் விளிம்பைத் தாண்டி ஓர் ஈர உதடு வெளியே வழிந்து, அவள் வாயின் உயரத்தைத் தேடி நிமிர்ந்தது.