மாடியில் இரண்டாவது செல்லோ

மழை விட்ட ஒரு மத்தியானத்தில் அண்ணனும் தங்கையும் அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்தார்கள். முன்பிருந்த இடத்தில் தங்கை, பெரிய வயலின் போன்ற தன் செல்லோவை எடுத்தாலே பக்கத்து வீட்டார் சுவரில் தட்டுவார்கள். இங்கே தட்ட ஆளில்லை. மாடியறையில் ஈர மரத்தின் வாடையோடு, வில்லுக்குத் தேய்க்கும் பிசினின் மணமும் அடித்தது. தங்கை இன்னும் செல்லோப் பெட்டியைத் திறந்திருக்கவில்லை.

அண்ணன் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவன். பெற்றவர்கள் போன பிறகு அவளை ஆளாக்கியவன். இசைக்குழுவின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவளை முன்னால் தனியாக உட்காரவைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பதே அவன் ஆசை.

ஒரு காலையில், கீழே துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவன் கை நின்றது.

மேலே இரண்டு செல்லோக்கள்.

ஒன்று தங்கையுடையது. மற்றது மயிரிழை பின்தங்கி அதையே வாசித்தது. பழைய சுவர், எதிரொலிக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனால் தங்கை தடுமாறி நிறுத்திய இடத்தில் எதிரொலி நிற்கவில்லை.

வாசித்து முடித்துவிட்டுத்தான் நின்றது.

அதற்குப்பின் அவளுக்கு ஏறுமுகம். பெரிய போட்டியில் வென்றாள். தனிக்கச்சேரிகளுக்கு அழைப்புகள் குவிந்தன. ஒரே வாத்தியத்தில் இரண்டு குரல் என்று பத்திரிகைகள் தூக்கிவைத்து எழுதின. அதைப் படித்த அண்ணன் பத்திரிகையை மடித்துக் கண்ணில் படாமல் வைத்தான். அவள் துரும்பாய் இளைத்துக்கொண்டிருந்தாள், பேச்சும் குறைந்துபோனது. போகப்போக இன்னொன்றையும் அவன் காது பிடித்தது. இப்போது மயிரிழை பின்தங்குவது தங்கை.

மாடியேறிப் போய் அவளருகில் உட்கார்ந்தான். வேறு வீடு பார்க்கலாம் என்றான். அவள் தலை நிமிரவில்லை.

"எங்க போனாலும் வரும்ணா. இப்பல்லாம் நான் வாசிக்கறதே இல்ல. அது இழுத்துட்டுப் போகுது, நான் கூடப் போறேன்."

"வேணாம்மா. நிறுத்திடு."

"நிறுத்திப் பாத்தேன்," என்று முணுமுணுத்தாள். "அது நிறுத்தல."

நகரத்தின் பெரிய அரங்கில் பகல் கச்சேரி. அவன் ஆசைப்பட்ட அதே இடத்தில், எல்லோருக்கும் முன்னால் தங்கை. அண்ணன் மேடையோரத் திரைக்குப் பின்னால் நின்றான். கடைசிப் பகுதியில், மற்ற வாத்தியங்களெல்லாம் ஓய்ந்து செல்லோ மட்டும் ஒலிக்கும் இடத்தில், அவள் கை வில்லோடு மடியில் சரிந்தது. தலை தொங்கியது.

இசை தொடர்ந்தது.

இசைக்குழுவை நடத்துபவர் கண்மூடி லயித்திருந்தார். அரங்கமும் கண்மூடி, மூச்சடக்கிக் கேட்டது. அத்தனை அழகாக அவன் தன் வாழ்நாளில் கேட்டதில்லை.

கைதட்டல் இடியாய் எழுந்தபோது அவன் ஓடிப்போய் அவளைத் தாங்கினான். உடல் சில்லிட்டிருந்தது. வாசித்த களைப்பு என்றார்கள்.

அவள் எழவேயில்லை. மருத்துவமனைக் கட்டிலில் கண்திறந்து கிடந்தாள். யாரையும் அடையாளம் தெரியவில்லை. மருத்துவர்கள் கையை விரித்தார்கள். அண்ணன் வீட்டைக் காலி செய்தான். செல்லோவைப் பிளந்து, சாம்பலாகும்வரை பக்கத்திலிருந்து எரித்தான்.

மறுநாள் காலை வெயிலில், மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்து அவள் இடக்கையை எடுத்து வருடினான். தந்தி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள், பிறந்த குழந்தையுடையதுபோல் மெத்தென்றிருந்தன.

அந்த மென்மையை அவன் விரல்களால் சரியாக உணர முடியவில்லை. ஏதோ மரத்ததுபோல் இருந்தது. தன் இடக்கையைத் திருப்பிப் பார்த்தான்.

செல்லோவை அவன் ஒருநாளும் வாசித்ததில்லை.

நான்கு விரல் நுனிகளிலும் தடித்த காய்ப்பு. ஒவ்வொன்றின் குறுக்கேயும், இப்போதுதான் கையெடுத்ததுபோல், சிவந்த தந்தித் தடம்.