டேப் அறையில் சௌந்தரி

லீனா சித்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. வேலூர் ரோட்டிலிருந்த அந்தப் பழைய கட்டிடத்தை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார்கள். உள்ளே கிடக்கும் சாமான்களில் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லி வாட்ச்மேன் திருமலை போன் செய்திருந்தார்.

ஒரு காலத்தில் அங்கே ஒரு கம்பெனி நடந்தது. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதை, இங்கே பெண்பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு டைப் அடிப்பார்கள். லீனாவின் அக்கா ஞானசௌந்தரி அங்கேதான் வேலை பார்த்தாள். அங்கேதான் செத்தாள்.

கம்ப்யூட்டர் பைல்களை நகலெடுத்துச் சேமிக்கும் பேக்கப் டேப்புகள் இருக்கும் அறைக்குள் அவள் போயிருந்தபோது எங்கோ வயர் கருகிப் புகைந்தது. மூச்சுக்காற்றை விரட்டித் தீயணைக்கும் கேஸ் தானாகத் திறந்துகொண்டது; கதவும் தானாகப் பூட்டிக்கொண்டது. கேஸ் அடங்குவதற்குள் திறந்தால் மிஷின்கள் பாழாகிவிடும் என்று மேனேஜர் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே ஆளில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். பிறகு அவர் அமெரிக்கா போய்விட்டார்.

"தட்டிக்கினேதான் இருந்துச்சும்மா," என்றார் திருமலை, அட்டைப்பெட்டியை அவள் கையில் கொடுத்தபடி. "கொஞ்ச கொஞ்சமா சத்தம் கொறஞ்சுது."

பெட்டி நிறைய டேப்புகள். உச்சரிப்பைத் திருத்துவதற்காகப் பெண்களை இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லிக் கம்பெனியில் பதிவு செய்வார்களாம். அதில் அக்காவின் குரலும் இருக்கும். வீட்டில் அவள் போட்டோ இருந்தது. குரல் ஒன்றுகூட இல்லை. அப்பா அசரியா, மிஷன் பள்ளி வாத்தியார், மகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து அந்த வேலைக்கு அனுப்பியவர். சாவுக்குப் பிறகு அவர் எதையும் கேட்டதில்லை. அந்தக் குரலை மட்டும் கொண்டுவரச் சொன்னார்.

திருப்பதியில் வீட்டின் முன்னறைதான் லீனாவின் கம்ப்யூட்டர் கடை. அந்த டேப்புகளைப் படிக்கும் டிரைவ் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. சென்னையில் தேடிப் பிடித்து ஒன்றை வரவழைத்தாள். அதைப் புது கம்ப்யூட்டரோடு பேசவைக்கத் தனியாக ஒரு கார்டு பொருத்தினாள். டேப் சுற்றும், நிற்கும், பின்னால் போகும், மறுபடி சுற்றும். அறை முழுக்க மக்கிய டேப்பின் புளித்த நாற்றம். பாதி டேப்புகள் படிக்கும்போதே உரிந்து தூளாகிவிட்டன.

ஒரு டேப்பில் மட்டும் அக்காவின் பேர் போட்ட பைல் வந்தது.

பருவமழையைப் பற்றிய ஒரு இங்கிலீஷ் பத்தியை அவள் வாசித்தாள். நடுவில் ஒரு வார்த்தையில் தடுக்கிச் சிரித்தாள். அவ்வளவுதான், முடிந்தது. அசரியா கண்களைத் துடைக்கக்கூட இல்லை. இன்னொருதரம் போடச் சொன்னார். லீனா அதை அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஆசிருக்கும் மெயிலில் அனுப்பிவைத்தாள்.

மறுநாள் மத்தியானம் முன்னறையில் அப்பா யாரோடோ பேசும் சத்தம் கேட்டது. கஸ்டமர் யாரோ என்று நினைத்துப் போனாள். யாருமில்லை.

"யார்கிட்ட பேசிக்கினு இருக்கே, நைனா?"

"உங்க அக்காகிட்ட."

கம்ப்யூட்டரில் பத்தி முடிந்து, சிரிப்பும் முடிந்திருந்தது. நேற்று அதோடு நின்ற பைல் இன்று நிற்கவில்லை.

யாரோ மூச்சு வாங்கினார்கள்.

தொப், தொப் என்று தட்டும் சத்தம்.

"வெளிய யாரு?"

அது அக்காவின் குரல். அந்தப் பதிவு அக்கா சாவதற்குப் பல மாதங்கள் முன்னால் எடுத்தது.

"நான்தாம்மா. நைனா."

"நைனா, கதவத் தொற. மூச்சு வரல."

அசரியா கம்ப்யூட்டர் திரையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினார். எப்படித் திறப்பது, எப்படித் திறப்பது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நகத்தால் எதையோ பிராண்டும் சத்தம். தொண்டை கிழிவதுபோல ஒரு இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை.

பிறகு, முதலிலிருந்து, உற்சாகமான குரலில், பருவமழை.

லீனா மவுஸைப் பிடுங்கினாள். அழித்துவிடுகிறேன் என்றாள்.

"அன்னிக்கு ஒருத்தன் சாவிய வச்சிக்கினு நின்னான்," என்றார் அசரியா. "இன்னிக்கு நீ நிக்கறே."

அவள் கை அதற்குமேல் நகரவில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. சாப்பாடு தட்டிலேயே காய்ந்தது. ஒவ்வொரு தடவையும் மகள் அவர் எதிரிலேயே செத்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முந்திக்கொண்டு பேசிப் பார்த்தார், கதவு எந்தப் பக்கம், பூட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவளுக்கு முந்தைய தடவை எதுவும் ஞாபகம் இருக்காது. புதிதாகப் பயந்தாள். புதிதாகக் கெஞ்சினாள்.

ஞாயிற்றுக்கிழமை லீனா சர்ச்சுக்குப் போய்த் திரும்பியபோது, கடை விரியத் திறந்து கிடந்தது. மின்விசிறி சுற்றியது. ஜன்னல் திரை காற்றில் ஆடியது. அசரியா நாற்காலியில் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. விரல் நகங்கள் பிய்ந்து ரத்தம் கட்டியிருந்தன.

மாரடைப்பு என்றார் டாக்டர். நகங்களை அவர் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

பைல் ஓடிக்கொண்டே இருந்ததை டாக்டர் போனபிறகுதான் கவனித்தாள். மூச்சு வாங்கும் சத்தம். தொப், தொப். அதை ஒட்டியே இன்னொரு தட்டல், கனமாக.

"லீனா." அப்பாவின் குரல். "நீயாவது தொறம்மா."

அவள் கம்ப்யூட்டரைப் பிரித்து ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தியலால் நொறுக்கினாள். டேப்புகளைப் பின்கட்டில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். அவை எரியும்போதே போன் அடித்தது. ஆசிர். அப்பா போன செய்தியை அவனுக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று அவள் தவிக்கும்போது அவனே பேசினான். அக்கா குரலை துபாயில் இருக்கும் சித்திக்கும், சிட்னியில் இருக்கும் அத்தை வீட்டுக்கும் அனுப்பிவிட்டானாம்.

"அதுல நைனா எப்டி வந்தாரு, லீனாக்கா?"

அழித்துவிடு, எல்லாரையும் அழிக்கச் சொல்லு என்றாள். அவனுக்குப் பின்னால், கடல் தாண்டிய அந்த வீட்டில், நான்கு கைகள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன.

"நைனா என் பேரச் சொல்லிக் கூப்பிடறாருக்கா." ஆசிர் பெரிதாக மூச்சை இழுத்தான். "இங்க ஜன்னல்லாம் தொறந்துதான் இருக்கு. காத்துதான் வரல."