குப்புறக் கவிழ்த்த கல்

அன்று உச்சிவெயிலில் நானும் என் தம்பி வரதனும் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, கோட்டையின் மொழிபெயர்ப்பாளர் துபாஷ் ஞானதாஸ் எங்களுக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

பழவேற்காட்டுக் கோட்டையில் யார் செத்தாலும் கல்லில் பெயர் வெட்டுவது எங்கள் வீடுதான். ஒல்லாந்தர் மொழி எங்களுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தின் உருவம் தெரியும். எந்தக் கோடு தடிக்கும், எது மெலியும் என்பது கைக்குத் தெரியும். கல்தச்சன் தாமோதரன் வீட்டு வேலை பிசகாது என்று கோட்டையில் ஒரு பேச்சு உண்டு. அந்தத் தாமோதரன் நான்தான். அந்தப் பேச்சுக்கு ஆசைப்பட்டுச் செய்ததைச் சொல்கிறேன்.

"துரைக்கு ஒரு தாத்தா வேணும்," என்றார் ஞானதாஸ்.

"யார் வூட்டுத் தாத்தாவைப் புடுங்கித் தர்றது?" என்றான் வரதன்.

துபாஷ் சிரிக்கவில்லை. கொர்னேலிஸ் துரை கோட்டைத் தலைவரின் மகளைப் பெண் கேட்டிருந்தார். அறுபது வருஷத்துக்கு முன்பே தன் தாத்தா இங்கே வாழ்ந்து செத்தார், தாங்கள் பழைய குடும்பம் என்று அளந்துவிட்டிருந்தார். கல்லறையைக் காட்டு என்று பெண் வீட்டார் கேட்டுவிட்டார்கள்.

"இப்ப வெட்டுற உருண்டை எழுத்துன்னா ஒரே பார்வையில கண்டுக்குவாங்க. பழைய எழுத்து வேணும். உங்களால ஆகலேன்னா நாகப்பட்டணத்து ஆளைக் கூட்டியாரச் சொல்றாரு."

ஆகலேன்னா. அந்த ஒரு சொல் என்னைத் தைத்தது.

கல் கல்லாகப் பார்த்துக்கொண்டு போனேன். முதல் கல்லில் எழுத்துக்கு எழுத்து கொடி ஓடியது. அது விதவைகள் கேட்கும் எழுத்து, வியாபாரி தாத்தாவுக்கு ஒட்டாது. அடுத்ததில் சாய்ந்த எழுத்து. ஒரு வரிக்கு அழகு, ஆறு வரிக்குக் கண் வலிக்கும். சுவரோரத்தில் மூன்றாவது கல். முனைகள் கருவேல முள்ளாகக் கூர்ந்த எழுத்து. பழைய எழுத்தை எடுத்தால் மட்டும் போதாது, பழைய ஆட்கள் விட்ட இடைவெளியையும் எடுக்க வேண்டும். அவர்கள் எழுத்துகளை நெருக்கி நிறுத்துவார்கள். ஒரே கல்லில் இரண்டு வகையைக் கலக்க மாட்டார்கள். அதெல்லாம் இந்தக் கல்லில் இருந்தது.

"இதுதான்," என்றேன்.

வரதனின் முகம் மாறியது. "அண்ணே, இது நைனா வெட்டினது."

ஆம். எங்கள் அப்பா வெட்டியதுதான். பீரங்கிக்காரன் ஒருவனின் மனைவி எலிசபெத்தின் கல். இந்த ஊர்ப் பெண், பிள்ளை பெறும்போது செத்தவள். அவர்கள் மொழியில் பெயருக்கு ஒன்பது எழுத்து. தன் வேலையிலேயே சிறந்தது இதுதான் என்று நைனா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"எழுத்து சரி," என்றார் ஞானதாஸ். "ஆனா கல்லு? புதுக்கல்லு பளிச்சுன்னு காட்டிக்குடுக்குமே. இதையே திருப்பிப் போட்டு முதுகுல வெட்டிட்டா? அவளுக்குக் கேக்க யார் இருக்காங்க?"

"வேணாம் அண்ணே. நைனா எழுத்து மண்ணைப் பாத்துக் கெடக்கணுமா?"

"அந்தப் பக்கம் நைனா எழுத்து. இந்தப் பக்கம் அதே எழுத்து, நம்ம கையால. யார் வெட்டினதுன்னு ஒருத்தனுக்கும் தெரியப் போறதில்ல," என்றேன். இன்றைக்கு நினைத்தால் அதில் பாதி ஆசை, நைனாவுக்கு நான் இளைத்தவன் இல்லை என்று எனக்கே காட்டுவது.

கல்லைப் புரட்டியபோது ஏரிக்காற்று நின்றது. அந்த வெயிலிலும் கல்லின் அடிப்பக்கம் குளிர்ந்து, சேற்று வாடை அடித்தது. நான் கரியால் வரைந்தேன், வரதன் உளி பிடித்தான். நான்கு நாளில் கொர்னேலிஸ் துரைக்கு ஒரு தாத்தா கிடைத்துவிட்டார். பெண் வீட்டார் வந்து தடவிப் பார்த்து, தலையாட்டிப் போனார்கள்.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் துரை படுத்துவிட்டார்.

நெஞ்சின் மேல் எதுவோ ஏறி உட்கார்ந்திருக்கிறது, இறக்குங்கள் என்று கத்தினாராம். ஒன்பதாம் நாள் மூச்சு நின்றது. அடக்கம் முடிந்து ஞானதாஸ் நேரே என் பட்டறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உடம்பு கழுவும்போது நெஞ்சைப் பாத்தேன். எழுத்து. அச்சுல அமுக்குன மாவாட்டம் பொடச்சு, இடம்வலம் மாறி. நாளுக்கு ஒண்ணா வந்திருக்கு."

"என்ன எழுத்து?"

"அவ பேரு."

கவிழ்ந்த கல்லுக்கு அடியில் படுத்திருப்பவன் நெஞ்சில் அப்படித்தான் பதியும்.

மறுநாள் காலை வரதனுக்கு மூச்சு முட்டியது.

முதல் எழுத்தைப் பார்த்தவள் அவன் மனைவி நாகம்மாள். மூன்றாம் நாள் அவள் என் எதிரில் வந்து நின்றாள். அதுவரை என் முன்னால் குரல் உயர்த்தாதவள்.

"மாமா, கல்லத் திருப்பிப் போடுங்க."

"திருப்பினா கள்ளக்கல்லு வெட்டின வூடுன்னு ஊர் முழுக்கப் பேசும். அப்புறம் நம்ம கையை எவன் நம்புவான்?"

"அப்ப உங்க மானத்துக்கு என் தாலியா? நல்லாருக்கு மாமா. வரைஞ்சது நீங்க, சாவுறது அவரா?"

நான் பட்டறைக்குப் போய்விட்டேன். ஐந்தாம் எழுத்து வந்தது. ஆறு. ஏழு. வரதன் கண் திறந்து என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்னும் ஒரு நாள் வீம்பாக இருந்திருப்பேன்.

எட்டாம் நாள் கோட்டை வாசலில் நின்று, அந்தக் கல் பொய், வெட்டியவன் நான் என்று உரக்கச் சொன்னேன். சிப்பாய்கள் பிடரியில் தள்ளினார்கள். எழுந்து கோட்டைக்குப்பம் போய் நான்கு மீனவர்களைக் கழியும் கயிறுமாக அழைத்தேன். மறுநாள் விடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தோம்.

"இன்னாய்யா இது, கல்லா? சுறாவ இழுக்குற மாதிரி எதுத்து இழுக்குது!" என்று சிரித்தான் அவர்களில் ஒருவன், முனியன். நெம்பித் திருப்பிய பிறகு அவன் சிரிக்கவில்லை.

நைனா வெட்டிய பக்கம் வழுவழுவென்று இருந்தது.

ஒரு கீறல்கூட இல்லை.

நால்வரும் கழிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் மேல்துண்டை உதறிவிட்டுக் கல்லின் மேல் மண்டியிட்டேன். இடுப்பில் செருகியிருந்த உளியையும் சுத்தியலையும் எடுத்து வெட்டத் தொடங்கினேன். அதே முள்முனை, அதே நெருக்கம். ஒன்று. இரண்டு. வெயில் ஏறியது. ஐந்து. ஆறு. உச்சிப்பொழுதுக்கு ஒன்பதாவதை முடித்தேன்.

உளியைக் கீழே வைத்தேன்.

தம்பி பிழைத்துக்கொள்வான் என்று தோன்றியது. காற்று திரும்ப வந்தது.

அப்போது கேட்டது.

டக், டக்... டங்.

கல்லுக்கு அடியிலிருந்து. மண்ணைப் பார்த்துக் கிடக்கும் பக்கத்தில் யாரோ வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

டக், டக்... டங்.

இரண்டு மெல்ல, ஒன்று ஓங்கி. எல்லாக் கல்தச்சனும் அப்படி அடிப்பதில்லை. அப்படி அடித்த ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவர் மடியில் உட்கார்ந்து அந்த ஓசையில் நான் தூங்கியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்காகக் கேட்க யாருமில்லை என்றார் துபாஷ். இருக்கலாம். அவள் கல்லுக்காகக் கோபப்பட ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டு மானத்தைக் காப்பவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்திருக்கிறேன்.

"நைனா," என்றேன் மெல்ல. "சரி பண்ணிட்டேன் நைனா."

ஓசை நிற்கவில்லை.

வாசல் பக்கமிருந்து நாகம்மாள் தலைமயிர் அவிழ ஓடிவந்தாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள்.

"மாமா! அவர் எழுந்து உக்காந்துட்டாரு! கஞ்சி கேட்டாரு! எழுத்து ஒண்ணுகூட இல்ல, எல்லாம் மறைஞ்சு..."

பத்தடி தூரத்தில் நின்றுவிட்டாள்.

அவள் கண் என் வெற்று நெஞ்சின் மேல் இருந்தது.

"மாமா... இன்னா அது?"

நான் குனிந்து பார்க்கவில்லை. கீழே ஒரு எழுத்து முடிந்து, அடுத்தது தொடங்கியது.