மோட்டாருக்குக் கால் இருக்கா?

"கொஞ்சம் நகருங்க... எண்ணிக்கை போயிருச்சு."

பினாங்குத் தீவுக்குப் போகும் பட்டர்வொர்த் ஃபெரியில் கடைசியாக ஏறியவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். மழையில் நனைந்த இமைகள்... அவற்றுக்குக் கீழே சிரிக்கிற கண்கள். துளசி அவசரமாக நோட்டுப் புத்தகத்துக்குள் பார்வையை ஒளித்துக்கொண்டாள்.

"என்ன எண்ணுறீங்க?"

"ஏறுற மோட்டாரெல்லாம்."

"எதுக்கு?"

அவளிடம் இதுவரை யாருமே எதுக்கு என்று கேட்டதில்லை. பாகான் டாலாமில் இருக்கும் அவள் வீட்டில், "ஃப்ரீயா குடுக்கிறதெல்லாம் ஒரு படிப்பா லா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவளும் நான்கு இலவச ஆன்லைன் வகுப்புகளைப் பாதியில் விட்டவள்தான். இந்தப் புள்ளியியல் வகுப்பையாவது முடித்துக் காட்ட வேண்டும் என்று, ஜுருவில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலை விடுமுறை கொடுத்த சனிக்கிழமையில் வந்து நிற்கிறாள்.

"ஆன்லைன் கோர்ஸ். கூடப் படிக்கிறவங்களே ஒருத்தருக்கொருத்தர் மார்க் போடணும். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. எவனோ வெள்ளைக்காரன் எனக்கு ஃபெயில் போட்டுட்டான். 'இருநூறு மோட்டார் எப்படி ஃபெரியில ஏறும், எஞ்சினுக்குக் கால் இருக்கா'ன்னு கிண்டல் வேற. அதான் மறுபடி எண்ணுறேன், நாளைக்குள்ள திருத்தி அனுப்பணும். சேர்ந்தது ஆயிரக்கணக்குல, இப்ப மிச்சம் இருக்கிறவங்கள விரல்விட்டு எண்ணிடலாம். மார்க் போட ஆள் இல்லன்னா இதுவும் போச்சு."

அவன் முகத்தில் சிரிப்பு அணைந்தது.

"அது... வெள்ளைக்காரன் இல்லங்க. இதோ, பினாங்கு ஜெலுத்தோங்காரன். நான்தான்."

பெயர் லோகேஸ்வரன். மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன்.

"இங்கிலீஷ்ல இருந்துச்சா... எழுதினது வெளிநாட்டு ஆளுன்னு நெனச்சு, மோட்டார்னா எஞ்சின்னு எடுத்துக்கிட்டேன். நாள் முழுக்க மோட்டார் மோட்டார்னு பேசுறவன்தான் நான்."

பினாங்கில் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள் என்று இருவருக்குமே தெரியும். இங்கிலீஷ் என்றதும் இருவரும் வேறு யாரோ ஆகிவிட்டார்கள். துளசிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ரோஷம் முந்திக்கொண்டது.

"தெரியாம ஃபெயில் போட்டது சரி. கால் இருக்கான்னு கேட்டீங்க பாருங்க..."

"தப்புதாங்க."

ஃபெரி கரை சேர்ந்ததும் பெயரைக்கூடச் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள். போன பிறகுதான் அரித்தது... பட்டறைக்காரனுக்குப் புள்ளியியல் எதுக்கு? கேட்டிருக்கலாமே.

ஞாயிறு மதியம். மோட்டார் இருந்த இடத்திலெல்லாம் மோட்டார் சைக்கிள் என்று திருத்தி அனுப்பினாள். தன் மார்க் தெரிய வேண்டுமானால் முதலில் இன்னொருவருக்கு மார்க் போட வேண்டும். திரையில் பெயரில்லாத ஓர் ஆய்வு வந்து நின்றது.

'ஃபெரியில் போகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? மொத்தம் அறுபத்து மூன்று பேர். கைப்பேசி, நாற்பத்தெட்டு. கடல், ஒன்பது. தன் மோட்டார், ஐந்து. மற்றவர்கள் மோட்டார், ஒருவர்.'

துளசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஓ... அவனும் எண்ணிக்கொண்டுதான் இருந்தானா?

'அந்த ஒருவர் ஒரே ஒருமுறை என் கண்ணைப் பார்த்தார். ஒரு தரவை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்பது இரண்டாம் பாடம். ஆனாலும் எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அவர் கோபம் எத்தனை நாள் நீடிக்கும் என்பதற்குப் போதிய தகவல் இல்லை.'

அவளுக்குக் கன்னம் சூடாயிற்று. முழு மார்க் போட்டாள். உடனே அவளுடைய பக்கமும் திறந்தது... தேர்ச்சி. முதல்முதலாக ஒரு வகுப்பை முடித்துவிட்டாள். கீழே யாரோ ஒருவரின் குறிப்பு: 'மோட்டார் என்றே எழுதியிருக்கலாம்.'

அவனுடைய ஆய்வுக்குத் திரும்பி வந்து, கருத்துப் பெட்டியில் தமிழிலேயே தட்டினாள்.

'ஒரு நாள்கூட நீடிக்கல. எனக்கும் பிடிச்சிருக்கு. அடுத்த சனிக்கிழமை அதே ஃபெரி.'

மார்க் போடுபவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது வகுப்பின் விதி. ஒரு நொடி யோசித்தாள்.

'துளசி' என்று எழுதி அனுப்பினாள்.