நகராத புள்ளி

மகன் அனுப்பிய ஒன்பதாவது தாளில் புள்ளிகள் நகரவில்லை.

செடி வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கொடியின் நுனி ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்காது; கண்ணுக்குத் தெரியாமல் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பிடிக்கத்தான் அப்பாவும் மகனும் ஒரே கொடியில் வெட்டிய இரண்டு துண்டுகளை இரண்டு ஊர்களில் வைத்துக்கொண்டு இந்தப் பாடு பட்டார்கள். நுனியில் முடி போன்ற கண்ணாடி இழை ஒன்றை ஒட்டி, தொட்டிக்கு மேலே கண்ணாடிப் பலகையை வைத்து, மணிக்கொரு தடவை இழையின் முனை தெரிகிற இடத்தில் மையால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு தாளில் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். எட்டு தாள்களிலும் வட்டங்கள் அழகாக வந்திருந்தன. இதில் பத்து மணி நேரத்துப் புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக, மிளகு அளவுக்கு ஒரே கறுப்பு.

"தூங்கிட்டான் பய. காலையில எழுந்து எல்லாத்தையும் ஒரே இடத்துல குத்தி அனுப்பியிருக்கான்."

"தூங்கட்டுமே," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. "சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு வரி கேட்டீங்களா இதுவரைக்கும்? எப்பப் பாரு அந்தச் செடி விசாரிப்புதான்."

அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டார். 'பொய்ப் புள்ளி வைக்காதே. வெளிச்சம் பட்டால் நுனி அந்தப் பக்கம் சாயும். ஜன்னலை அடைத்துவிடு. சிவப்பு விளக்கு மட்டும் எரியட்டும், அதற்கு நுனி சாயாது. அறையை விட்டு வெளியே வராதே, உறையைத் தபால்காரரிடமே கொடு.'

நான்காம் நாள் பதில் வந்தது.

'அப்பா, நான் தூங்கவில்லை. நான் உட்கார்ந்தால் அது நிற்கிறது, எழுந்தால் நகர்கிறது. நேற்று நாற்காலியை நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றிப் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். தாளைப் பாருங்கள். எனக்கு என்னவோ போல் இருக்கிறது. வீட்டுக்கு வந்துவிடட்டுமா?'

பத்தாவது தாளில் நான்கு மூலைகளில் நான்கு புள்ளிகள்.

வாத்தியாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெளிச்சம், காற்று, சூடு என்று எல்லாவற்றையும் தடுத்தவர், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஆளைக் கணக்கில் எடுக்கவே இல்லை. தன் தொட்டியை அவர் மணிக்கொரு தடவை எட்டிப் பார்ப்பதோடு சரி. உடனே எழுதினார்: 'வராதே. தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார். மூன்று நாள் அசையாதே. எவ்வளவு கிட்டே வருகிறது என்று பார்ப்போம்.'

அவன் சொன்னதைச் செய்கிற பிள்ளை. ஏழு வயதில், "இங்கயே நில்லு, வந்துடுறேன்" என்று பஸ் நிலையத்தில் விட்டுவிட்டு இவர் மறந்தே போக, மழையில் இரண்டு மணி நேரம் அதே இடத்தில் நின்றவன்.

பதினோராவது உறையில் கடிதம் இல்லை. உறையைக் கிழித்ததும் கசக்கிய இலையின் பச்சை வாசனை வந்தது. அதற்கு அடியில், பல நாள் குளிக்காத தலையின் வாசனை. முகவரி மகன் கையெழுத்துதான், ஆனால் எழுத்தெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. தாளில் வட்டங்கள். பழைய எட்டு தாள்களையும் ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. இது கொடி போடும் வட்டமே இல்லை. புள்ளிகளும் மையால் வைத்தவை அல்ல; பச்சையாகப் பிசுபிசுத்தன.

தாளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

"கிளம்பு," என்றார் மனைவியிடம். அவள் அடுப்பை அணைத்தாள். மகனுக்குச் சாப்பாட்டைத் தூக்கில் அடைத்துக்கொண்டு வந்தாள்.

போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல். மகனின் அறை மாடியில். முழங்கால் வலியோடு அவள் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருக்க, அவர் முன்னால் ஓடினார். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளினார். வெளியே அத்தனை வெயில், உள்ளே சிவப்பு விளக்கு மட்டும். ஈர மண்ணின் வாடை. சுவரில் அவருடைய கடிதம் ஒட்டியிருந்தது. 'அசையாதே' என்ற சொல்லுக்கு அடியில் மகன் இரண்டு கோடு போட்டிருந்தான்.

டிக்.

கண்ணாடியில் நகம் பட்டாற்போல ஒரு சத்தம்.

மகன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கண்கள் திறந்திருந்தன.

"டேய்... அப்பா வந்திருக்கேன்டா. போதும், எழுந்திரு."

எழவில்லை. தலை மட்டும் அசைந்தது. வலப்பக்கம். பின்னால். இடப்பக்கம். மறுபடி வலப்பக்கம். மிக மெதுவாக, ஒரு வட்டம். நெற்றியில் ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தார்.

கண்ணாடி இழை.

அவனுக்கு எதிரே பலகை நிமிர்ந்து நின்றது. அதற்கு அந்தப் பக்கம் கொடி. கூரைவரை ஏறி, தொங்கி, பலகை முன் நுனியை நீட்டிக் காத்திருந்தது. நுனியில் பச்சை நீர் கசிந்தது. இழையின் முனை தெரிந்த இடத்தில் அது கண்ணாடியைத் தொட்டது.

டிக்.

நான்தானே உட்காரவைத்தேன். பாவி, நான்தானே.

தோளைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. பாதங்கள் தரையை விடவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். உள்ளே எங்கோ நார் கிழியும் சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டார்.

நுனி திரும்பியது. அவர் பக்கம்.

மூச்சை அடக்கினார். அசையவில்லை. அதுவும் அசையவில்லை.

படியில் காலடி. தூக்கின் கைப்பிடி கிணுகிணுத்தது.

"என்னங்க, எழுந்துட்டானா? கண்ணு, அம்மா வந்துட்டேன்டா."

நுனி அவரை விட்டது. நகர்ந்தது. வராதே என்று கத்த வாயைத் திறந்தார். நாக்கு எழவில்லை. சுவரோரம், புதிதாகத் துடைத்து வைத்த இன்னொரு பலகை.

வாசலுக்கு நேரே, அவள் நெற்றி வரும் உயரத்தில், நுனி வந்து நின்றது.

நகரவில்லை.